இ-ரீடர் வாங்கப் போகிறீர்களா? எந்த வாசகருக்கு எந்தக் கருவி முதலிடம்?

புதுடெல்லி: நாவல் வாசிப்பவர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், கண்பார்வை மங்கிய முதியவர் ஆகிய மூவருக்கும் ஒரே இ-ரீடர் பொருந்தாது. ஆயினும், இந்தியாவில் இக்கருவிகள் பெரும்பாலும் விலை, திரையின் அளவு, நினைவகம் ஆகிய மூன்றை மட்டுமே கொண்டு ஒப்பிடப்படுகின்றன.

2025 ஏப்ரலில் இந்தியச் சந்தைக்கு வந்த கிண்டில் பேப்பர்ஒயிட்டின் அறிமுக விலை 16,999 ரூபாய். ஏறக்குறைய இதே தொகைக்கு ஒரு நல்ல டேப்லெட் கிடைக்கும். மின்னூல்களைக் கைப்பேசியிலேயே வாசிக்கவும் முடியும். எனவே, இவ்வளவு பணம் செலவிடும் முன், தாம் வாசிக்க விரும்பும் நூல் எந்த மொழியில், எந்தக் கோப்பு வடிவில், எந்தக் கடையில் கிடைக்கிறது என்பதை வாசகர் அறிந்துகொள்வது அவசியம். கருவிகளின் தரவரிசையைத் தீர்மானிப்பது இந்த விடைதான்.

திரை ஒன்றே, வேறுபாடு எங்கே?

இ-ரீடரின் திரை கைப்பேசித் திரையிலிருந்து அடிப்படையிலேயே மாறுபட்டது. மயிரிழை அளவே தடிமன் கொண்ட நுண்குமிழ்கள் அதில் பரப்பப்பட்டுள்ளன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளை, கருப்புத் துகள்கள் மிதக்கின்றன. மின்புலம் செலுத்தப்படும்போது ஒரு நிறத் துகள்கள் மேலெழும்ப, மற்றவை கீழிறங்குகின்றன. அவ்வாறு உருவான பக்கம் அடுத்த பக்கம் புரட்டப்படும் வரை மின்சாரம் இன்றியே நிலைத்திருக்கும். ஒருமுறை மின்னேற்றம் செய்தால் பல வாரங்கள் பயன்படுத்த முடிவதற்கு இதுவே காரணம்.

காகிதத்தைப் போலவே இத்திரையும் வெளிச்சத்தைப் பிரதிபலிப்பதால், கடும் வெயிலிலும் எழுத்துகள் தெளிவாகத் தெரியும். இரவில் வாசிக்க, திரையின் ஓரத்திலிருந்து அதன் மேற்பரப்பில் ஒளி பாய்ச்சும் விளக்குகள் உதவுகின்றன. ஆனால், இத்திரை மெதுவாகவே மாறும். காணொலி பார்ப்பதற்கு ஏற்றதன்று.

அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து 1997-ல் இ-இங்க் நிறுவனம் பிறந்தது. 2004-ல் சோனி நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட 'லிப்ரியே' கருவியில் இத்திரை பயன்பட்டது. 2007 நவம்பரில் அமேசானின் முதல் கிண்டில் வந்தது. இன்று கிண்டில், கோபோ, பாக்கெட்புக், ஓனிக்ஸ் பூக்ஸ் ஆகிய நிறுவனங்கள் அனைத்தும், தற்போது தைவானைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள இதே இ-இங்க் நிறுவனத்தின் திரைகளையே பயன்படுத்துகின்றன. இவற்றின் பெரும்பாலான கருப்பு வெள்ளைக் கருவிகளில் எழுத்துத் துல்லியமும் ஒன்றுதான். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்.

ஆகவே, திரையை மட்டும் ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு புலப்படாது. கருவிகள் பிரிந்து நிற்பது மென்பொருளிலும், அவை சார்ந்துள்ள புத்தகக் கடையிலும்தான்.

கோப்பு வடிவம் ஏன் முக்கியம்?

மின்னூல்கள் பெரும்பாலும் மூன்று வகைக் கோப்புகளில் கிடைக்கின்றன. முதலாவது, உலகம் முழுவதும் பொதுவாகப் பயன்படும் இபப். எழுத்தைப் பெரிதாக்கினால், திரைக்கு ஏற்ப வரிகள் தாமாகவே மாறி அமைவது இதன் சிறப்பு. இரண்டாவது, அமேசானின் சொந்த வடிவங்கள். இவையும் அவ்வாறே இயங்கும். ஆனால், அமேசானிடம் வாங்கிய நூலைக் கிண்டில் கருவியிலோ கிண்டில் செயலியிலோ மட்டுமே பொதுவாக வாசிக்க முடியும். மூன்றாவது, பிடிஎஃப். அச்சிட்ட பக்கத்தின் அமைப்பை அப்படியே காட்டும் இவ்வடிவத்தில் வரிகள் இடம் மாறுவதில்லை.

இந்திய வாசகர்களுக்குச் சிக்கல் எழுவது இந்த மூன்றாம் வகையில்தான். என்சிஇஆர்டி பாடநூல்கள், அரசு அறிக்கைகள், தமிழ் மின்நூலகத்தில் உள்ள பழைய நூல்களின் வருடல் படிகள் ஆகியவை பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகளே. ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை 6 அங்குலத் திரையில் முழுமையாகக் காட்டினால், அது ஏறக்குறைய 41 விழுக்காடாகச் சுருங்கும். 12 புள்ளி அளவில் அச்சான எழுத்து 5 புள்ளி அளவுக்குக் குறையும். 7 அங்குலத் திரையிலும் 6 புள்ளியை எட்டாது. 10.3 அங்குலத் திரையில் 8 புள்ளிக்குச் சற்று மேலும், 13.3 அங்குலத் திரையில் ஏறக்குறைய 11 புள்ளியும் கிடைக்கும். நாள் முழுவதும் பிடிஎஃப் படிப்பவர் சிறிய இ-ரீடரை வாங்கினால் கண் வலிப்பதற்கு இக்கணக்கே காரணம்.

1. கதை, நாவல், கட்டுரை வாசிப்போர்

முதலிடம்: கிண்டில் பேப்பர்ஒயிட். இரண்டாமிடம்: அடிப்படைக் கிண்டில். மூன்றாமிடம்: கோபோ கிளாரா.

இவ்வரிசைக்குக் காரணம் கருவியைவிட அதன் கடைதான். அமேசான் 2016 டிசம்பரில் தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய 5 இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை விற்கத் தொடங்கியது. எழுத்தாளர்கள் தாங்களே நூல்களை வெளியிடும் வசதியும் இம்மொழிகளுக்குக் கிடைத்தது. கோபோ கடையில் ஆங்கில நூல்கள் ஏராளமாக இருப்பினும், இந்திய மொழி நூல்கள் ஒப்பீட்டளவில் குறைவு.

12-ஆம் தலைமுறை பேப்பர்ஒயிட்டில் 7 அங்குலத் திரையும், தண்ணீரில் நனைந்தாலும் பழுதாகாத பாதுகாப்பும் உள்ளன. எடை 211 கிராம். 6 அங்குல அடிப்படைக் கிண்டிலின் எடை 158 கிராம் மட்டுமே. பேருந்திலும் ரயிலிலும் ஒரு கையால் பிடித்து வாசிப்பவருக்கு, விலை குறைந்த இரண்டாவது கருவியே வசதியாக இருக்கலாம். ஆங்கில நூல்களை மட்டும் வாசிப்பவருக்குக் கோபோ கிளாரா இவ்விரண்டுக்கும் இணையானது.

2. இலவச நூல்களையும் சொந்தக் கோப்புகளையும் வாசிப்போர்

முதலிடம்: கோபோ. இரண்டாமிடம்: பாக்கெட்புக். மூன்றாமிடம்: கிண்டில்.

1998 முதல் தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் வழங்கிவரும் மதுரைத் திட்டம், இபப் உள்ளிட்ட வடிவங்களில் நூல்களைத் தரும் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' போன்ற தன்னார்வ முயற்சிகளை நம்பியிருக்கும் வாசகருக்குக் கடை தேவையில்லை. கோப்பைத் தடையின்றித் திறக்கும் கருவியே தேவை. கோபோவும் பாக்கெட்புக்கும் இபப் கோப்புகளை நேரடியாகத் திறக்கும். கிண்டிலுக்கோ, 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அக்கோப்பை அனுப்ப வேண்டும். அமேசான் அதைத் தன் வடிவத்துக்கு மாற்றித் தரும். இணையதளம் வழியாக அனுப்பும் கோப்பு 200 எம்பி அளவைத் தாண்டக் கூடாது. வருடல் செய்யப்பட்ட பெரிய நூல்கள் இவ்வரம்பைக் கடப்பதுண்டு.

பொது நூலகங்களிலிருந்து மின்னூலை இரவல் பெறும் 'ஓவர்டிரைவ்' வசதி கோபோவின் புகழ்பெற்ற சிறப்பு. ஆயினும், மேலை நாட்டு நூலகங்களோடு ஒப்பிடுகையில் இந்தியாவில் அதன் பயன் குறைவு. அந்த ஒரு காரணத்துக்காக இங்கு கோபோவை வாங்க வேண்டியதில்லை.

3. மாணவர்கள், போட்டித் தேர்வர்கள், ஆய்வாளர்கள்

முதலிடம்: 10.3 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள ஓனிக்ஸ் பூக்ஸ் வகைகள். இரண்டாமிடம்: கிண்டில் ஸ்கிரைப். 6, 7 அங்குலக் கருவிகள் இப்பட்டியலில் இடம்பெறவில்லை.

பூக்ஸ் கருவிகள் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் செயல்படுபவை. பிடிஎஃப் பக்கத்தின் வெற்று ஓரங்களை வெட்டவும், வரிகளில் குறிப்பெழுதவும் அவற்றில் வசதி உண்டு. கிண்டில், கோபோ, பிரதிலிபி உள்ளிட்ட வெவ்வேறு செயலிகளை ஒரே கருவியில் நிறுவிக்கொள்ளலாம் என்பது கூடுதல் பயன். பெங்களூருவிலிருந்து இயங்கும் பிரதிலிபியில் இந்திய மொழித் தொடர்கதைகளை வாசிப்பவர்களுக்கும் இது பொருந்தும். மின்கலம் கிண்டில் அளவுக்கு நீடிப்பதில்லை என்பதும், அமைப்புகள் மிகுந்திருப்பதால் பழக நாளாகும் என்பதும் இதன் குறைகள்.

2022-ல் வெளியான முதல் கிண்டில் ஸ்கிரைப் 10.2 அங்குலத் திரையும் எழுதுகோலும் கொண்டது. எளிமையான கருவி, ஆனால், 433 கிராம் எடையுடன் நீண்ட நேரம் கையில் பிடிப்பது கடினம். வண்ண வரைபடங்களும் காணொலி வகுப்புகளும் அன்றாடத் தேவையாக உள்ள பள்ளி மாணவர்களுக்கு இவை இரண்டையும்விட சாதாரண டேப்லெட்டே பயன் தரும்.

4. முதியோர், பார்வைக் குறைபாடு உள்ளோர்

முதலிடம்: கிண்டில் பேப்பர்ஒயிட். இரண்டாமிடம்: பக்கம் புரட்டும் பொத்தான்கள் கொண்ட கோபோ லிப்ரா கலர். கேட்டு வாசிக்க விரும்புவோருக்கு: ஆண்ட்ராய்டு கருவிகள்.

எழுத்தைப் பெரிதாக்கும்போது ஒரு வரியில் அடங்கும் சொற்கள் குறையும். நீண்ட சொற்கள் மிகுந்த தமிழில் இது விரைவில் உணரப்படும். எனவே, 6 அங்குலத்தைவிட 7 அங்குலத் திரை இவர்களுக்கு உகந்தது. தொடுதிரையில் விரல் நடுங்குவோருக்குப் பொத்தான்கள் பெரிதும் உதவும். நூலைத் தமிழில் வாய்விட்டு வாசிக்கச் செய்ய, தமிழ்க் குரல் வசதி உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியோ டேப்லெட்டோ எளிய வழி.

அச்சு நூலை வாசிக்க இயலாதோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. அவ்வாசகர்களுக்கான 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் 2016-ல் தொடங்கப்பட்டது. கருவி வாங்கும் முன் இதில் பதிவு செய்வது நல்லது.

5. படக்கதை, சிறுவர் நூல் வாசிப்போர்

முதலிடம்: கோபோ லிப்ரா கலர். இரண்டாமிடம்: கிண்டில் கலர்சாஃப்ட். இரண்டும் 7 அங்குல வண்ணத் திரை கொண்டவை, 2024-ல் வெளியானவை.

இத்திரைகளில் கருப்பு எழுத்துகள் 300 புள்ளித் துல்லியத்தில் தெரிந்தாலும், வண்ணப் படங்களின் துல்லியம் 150 புள்ளி மட்டுமே. நிறங்கள் செய்தித்தாளில் அச்சானவை போல மங்கலாக இருக்கும். பளிச்சென்ற நிறங்களை எதிர்பார்க்கும் குழந்தைக்கு அச்சுப் புத்தகமோ டேப்லெட்டோ பொருத்தமானது.

வாங்கிய நூல் யாருக்குச் சொந்தம்?

கருவி பழுதானால் வேறொன்றை வாங்கலாம். ஆனால், ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சேர்த்த நூல்கள் ஒரே கடையில் பூட்டப்பட்டிருந்தால் அவற்றை வெளியே எடுத்துச் செல்ல முடியாது. பெரும்பாலான மின்னூல் கடைகளில் வாசகர் பெறுவது வாசிக்கும் உரிமம் மட்டுமே.

2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்றதாகக் கூறி, ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நூலை வாசகர்களின் கிண்டில்களிலிருந்தே அமேசான் நீக்கியது; பின்னர் மன்னிப்புக் கோரியது. சீனாவில் 2023 ஜூன் 30-ல் கிண்டில் கடை மூடப்பட்டது. வாங்கிய நூல்களைப் பதிவிறக்கிக்கொள்ள அங்குள்ள வாசகர்களுக்கு ஓராண்டு மட்டுமே அவகாசம் தரப்பட்டது. இந்தியாவிலும் இன்ஃபிபீம் நிறுவனம் 2010-ல் வெளியிட்ட 'பை' என்ற இ-ரீடர் சந்தையில் நிலைக்கவில்லை.

வாங்கிய கிண்டில் நூல்களைக் கணினியில் பதிவிறக்கி, யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26 அன்று நிறுத்தியது. வாசகர் தாமே வைத்திருக்கும் பிற கோப்புகளை யுஎஸ்பி வழியாக ஏற்றுவதற்குத் தடையில்லை. மீண்டும் மீண்டும் வாசிக்கக்கூடிய நூல்களை அச்சிலோ, பூட்டு இல்லாத இபப் வடிவிலோ வாங்குவதும், ஒருமுறை வாசித்து முடிப்பவற்றைக் கடையிலோ சந்தாவிலோ பெறுவதும் பாதுகாப்பான வழி.

வாங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

* கிண்டில், கோபோ செயலிகள் கைப்பேசியில் இலவசம். அடுத்து வாசிக்க விரும்பும் 10 நூல்களை எழுதிக்கொண்டு, அவை எந்தக் கடையில் உள்ளன என்று முதலில் தேட வேண்டும். பாதிக்கும் மேல் கிடைக்காவிட்டால் அக்கடையின் கருவி தேவையில்லை.

* தமிழ் நூல் ஒன்றைத் திறந்து 'கொ', 'கோ', 'கௌ', 'ஸ்ரீ' ஆகிய எழுத்துகளைப் பார்க்க வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறியிருந்தாலோ, எழுத்துக்குப் பதில் கட்டம் தெரிந்தாலோ, அக்கருவி தமிழுக்கு ஏற்றதன்று.

* இறக்குமதி செய்து விற்போரிடம் கோபோ, பாக்கெட்புக், பூக்ஸ் கருவிகளை வாங்குவோர், உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா, திரை உடைந்தால் எங்கே சரிசெய்வது என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டறிய வேண்டும். இ-ரீடரில் எளிதில் உடைவதும், மாற்றச் செலவு மிகுந்ததும் திரையே.

* எழுத்து நூல்களுக்கு 16 ஜிபி நினைவகம் தாராளம். ஆயிரக்கணக்கான நூல்கள் அடங்கும். பிடிஎஃப்பும் படக்கதைகளும் சேர்ப்போர் மட்டும் கூடுதல் நினைவகத்துக்குச் செலவிடலாம்.

* அச்சு நூல்களுக்கு ஜிஎஸ்டி இல்லை. அச்சு வடிவமும் உள்ள மின்னூல்களுக்கான வரி 2018-ல் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. விலை வேறுபாடு சிறிதாக உள்ள நூல்களில், பிறருக்கு இரவல் தரக்கூடிய அச்சுப் பிரதி லாபகரமாக இருக்கலாம்.

* மாதம் ஒரு நூலுக்கும் குறைவாக வாசிப்பவர், கைப்பேசிச் செயலியில் 3 மாதம் வாசித்துப் பார்த்த பிறகு கருவி வாங்குவது குறித்து முடிவெடுக்கலாம்.