இன்சைட் சேல்ஸ்: மேலாளர், குழுவினர் திறன் வளர்ப்பு

இன்சைட் சேல்ஸ் என்பது வாடிக்கையாளரை நேரில் சென்று பார்க்காமல், அலுவலகத்தில் இருந்தபடியே தொலைபேசி, மின்னஞ்சல், காணொளி அழைப்பு ஆகியவற்றின் மூலம் விற்பனை செய்யும் முறையாகும். இதனை அலுவலகவழி விற்பனை எனலாம். எழுதிக் கொடுத்த வாசகத்தை எல்லோரிடமும் ஒப்பிப்பது டெலிமார்க்கெட்டிங். இன்சைட் சேல்ஸில் தேவையைக் கேட்டறிதல், செயல்விளக்கம், விலை பேசுதல், தொடர்ந்து உதவுதல் ஆகிய படிகள் உண்டு.

தமிழ்நாட்டில்

மென்பொருளை இணையம் வழியே விற்கும் தொழில் வளர்ந்தபோது இம்முறையும் இங்கு வேரூன்றியது. கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010இல் சென்னையில் தொடங்கிய பிரெஷ்டெஸ்க் நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவிலுள்ள ஒரு கல்லூரி. பின்னர் பிரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது.

சங்கரன்கோவில் அடங்கிய தென்காசி மாவட்டத்தில், மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் உள்ளது. பிளஸ் டூ முடித்தவர்களைக் கட்டணமின்றி, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கும் பள்ளிகளை அந்நிறுவனம் நடத்துகிறது. பட்டம் இல்லாதவரையும் முறையான பயிற்சியால் தொழிலுக்கு உருவாக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

குழுவினருக்கு வேண்டிய திறன்கள்

ஜவுளிக்கடையில் சேலையை விரித்துக் காட்டுபவர், வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்தே அடுத்த சேலையை எடுப்பார். தொலைபேசியில் முகம் தெரியாது. ஆகவே கேள்வி கேட்பதும், பதிலைப் பொறுமையாகக் கேட்பதும் முதல் திறன். பேசியதைக் குறித்து வைத்தல், சொன்ன நேரத்தில் மீண்டும் அழைத்தல், பொருளை நன்கு அறிந்திருத்தல் ஆகியவை அடுத்தவை. தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை. சிறு வாக்கியங்களில், நிதானமாக, பிழையின்றித் தகவல் சொல்லப் பழகினால் போதும்.

மேலாளரின் பணி

நன்றாக விற்பவரையே மேலாளராக்குவது வழக்கம். ஆனால் விற்பது வேறு, விற்கக் கற்பிப்பது வேறு. குழுவினர் தடுமாறும்போது அழைப்பைத் தாமே வாங்கிப் பேசி முடிக்கும் மேலாளரிடம் யாரும் கற்றுக்கொள்வதில்லை.

மேலாளர் எண்ணிக்கையை மட்டும் பாராமல், குறை எந்தப் படியில் உள்ளது என்று கண்டறிய வேண்டும். அழைப்புகள் பல, செயல்விளக்கம் சில என்றால் தொடக்கப் பேச்சில் குறை இருக்கலாம். செயல்விளக்கம் பல, விற்பனை சில என்றால் தேவையைச் சரியாகக் கேட்டறியவில்லை என்று கருதலாம்.

வாரம் ஒருமுறையாவது ஒவ்வொருவருடனும் அமர்ந்து, ஒப்புதலுடன் பதிவான ஓர் அழைப்பைக் கேட்பது நல்ல பயிற்சி. இது மாணவரின் நோட்டைத் திருத்துவது போன்றது. பக்கம் முழுவதும் சிவப்பு மையானால் மாணவர் சோர்ந்துவிடுவார். ஒரு நேரத்தில் ஒரு பிழையைச் சுட்டி, அடுத்த வாரம் அது திருந்தியதா என்று பார்ப்பதே பயன் தரும்.

சட்டமும் நேர்மையும்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிகள் விளம்பர அழைப்புகளைக் கட்டுப்படுத்துகின்றன. அத்தகைய அழைப்பு வேண்டாதவர்கள் 1909 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். இலக்கு நெருக்கடியில் இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லி விற்றால், அம்மாதக் கணக்கு நிறையும், வாடிக்கையாளரின் நம்பிக்கை போய்விடும். முதல் வேலையில் இருக்கும் இளைஞர் தம் மேலாளர் எதைப் பாராட்டுகிறாரோ அதையே தொழில் என்று கற்றுக்கொள்வார். எனவே, “இது உங்களுக்குப் பொருந்தாது” என்று வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொன்னவரையும் மேலாளர் பாராட்ட வேண்டும்.