பதிலுக்கு வந்த ஆசிரியர்

1976-ஆம் ஆண்டு வரையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த கல்வராயன் மலையில், மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் ஒன்றுக்கொன்று தொலைவாகச் சிதறிக் கிடப்பதால், அங்குள்ள தொடக்கப் பள்ளிகள் பலவும் சிறியவை. 60 குழந்தைகள் வரையில் பயிலும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்திருக்கும் கணக்கின்படி, ஐந்து வகுப்புகளையும் இருவர் பங்கிட்டுக்கொள்ளும் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்கோ பிரசவ விடுப்பிலோ போய்விட்டால், பள்ளியில் சரிபாதி அன்று ஆசிரியரற்றுப் போகிறது. அந்த இடத்திற்குப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவர் மாற்றுப்பணியில் வருவார். நீண்ட காலியிடமானால் பள்ளி மேலாண்மைக் குழு தற்காலிகமாக ஒருவரை அமர்த்தும். 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு 13,331 காலியிடங்களை இவ்விதம் நிரப்ப முற்பட்டபோது, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று முதலில் நிர்ணயித்து, பின்னர் 12,000 ஆக உயர்த்தியது. அடிவாரத்திலுள்ள கச்சிராயபாளையத்திலிருந்து நாள்தோறும் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஏறி இறங்கும் ஒருவருக்கு அத்தொகையும் சொற்பமே.

இப்படி வருகிறவருக்கு வாய்க்கும் முதல் பரீட்சை பாடத்தைப் பற்றியதன்று. பழைய டீச்சர் எதை அனுமதிப்பார், இவர் எதை அனுமதிப்பார் என்று குழந்தைகள் சோதித்துப் பார்ப்பதைப் பலர் துஷ்டத்தனம் என்று கருதுகிறார்கள். நாள்தோறும் நம்பியிருந்த ஒரு கிரமம் திடீரென்று அறுபட்ட நிலையில், புதிய எல்லை எதுவென்று அறிந்துகொள்ள அவர்கள் செய்யும் இயல்பான முயற்சி அது. இதை உணராதவர் குரலை உயர்த்துகிறார். அதுவும் பலிக்காதபோது வகுப்புத் தலைவனை எழுப்பி, பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்கிறார். எழுதப்பட்ட பெயருக்கு உரியவனை அடிப்பதற்கு இன்று சட்டத்தில் இடமில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடலை வருத்துவதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் ஒருங்கே விலக்கியிருக்கிறது. ஆயினும் பெயரெழுதும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஒரு குழந்தையை மற்றொரு குழந்தைக்கு ஒற்றனாக்கும் அவ்வழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன்.

பெரிய பிள்ளையைச் சிறிய பிள்ளைக்குத் துணையாக்குவது வேறு விஷயம். 1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பி, உதவி ஆசிரியர்கள் இணங்காமையால் ஒரு மாணவனையே கற்பிக்கச் செய்து வெற்றி கண்டார். 1797-இல் அவர் அந்த அனுபவத்தை நூலாக்கிய பின்னர், 'சென்னை முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக்கும் இதே பணிதான். ஆனால் அவன் கையில் பிரம்பும் இருந்தது. பிரம்பை நீக்கிவிட்டுப் பணியை மட்டும் எடுத்துக்கொண்டால், மலைப் பள்ளிக்கு அது இன்றும் பொருந்தும்.

எவ்வாறெனில், 2022 ஜூன் முதல் நடைபெற்றுவரும் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், தொடக்க வகுப்புக் குழந்தைகள் அவரவர் தேர்ச்சிக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் வைக்கப்படுகிறார்கள். யார் எந்த நிலை என்று கேட்டால் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள். மலர்க் குழந்தைகளுக்கு ஒரு கதையை வாசிக்கக் கொடுத்து, மொட்டுக் குழந்தைகளுக்குச் சொற்களை எழுதும் வேலை தந்து, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அவர்களருகே அமர்த்திவிட்டு, எழுத்துக் கூட்டத் தெரியாத அரும்புகளோடு பதிலாசிரியர் தாமே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு பிரிவுக்கு வாயால் பாடம் நடக்கும்போது மற்றப் பிரிவுகளின் கைகளுக்கு வேலை இருக்குமானால், 'சத்தம் போடாதே' என்ற கட்டளைக்கு அவசியமே நேராது. வேலை தீர்ந்த குழந்தை அடுத்து என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான கூச்சல் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

சமவெளியிலிருந்து வருகிறவர் மேலும் இரண்டு விஷயங்களில் சிரத்தை கொள்ள வேண்டும். மலைக் குழந்தையின் பேச்சு வழக்கைத் திருத்தும் பாவனையில் பரிகசித்தால், அதன்பின் அக்குழந்தை அவரிடம் வாய் திறக்காது. 'அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வந்தாயா?' என்று வகுப்பறிய விசாரிப்பதும் தகாது. பிழைப்புக்காகப் பெற்றோர் வெளிமாநிலம் போயிருக்க, பாட்டியின் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகள் அங்கே உண்டு.

விடுப்பில் செல்லும் ஆசிரியரின் கடமையையும் சொல்லியாக வேண்டும். எந்தப் பாடம் எதுவரை நடந்தது, எந்தக் குழந்தை எந்த இடத்தில் தடுமாறுகிறது, மணியடிப்பது யார், மருந்து உட்கொள்ளும் பிள்ளை உண்டா என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்துப் போனால், வருகிறவர் முதல் மணி நேரத்தை வீணாக்காமல் தொடங்கலாம். அவரும் தாம் நடத்தியதை அதே நோட்டில் எழுதிவிட்டுப் போகலாம். பிரசவ விடுப்பும் பயிற்சியும் முன்னரே தெரிபவை. ஆகையால், பொறுப்பேற்பதற்கு முந்தைய ஒரு முழு நாளில் பதிலாசிரியரை அதே வகுப்பில், அதே டீச்சரின் அருகே அமர்ந்து பார்க்கச் செய்து, அந்த நாளுக்கும் சம்பளம் தருவது இயலாத காரியமன்று.