பின்னால் வருவதா காதல்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்து எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். 'மன்னன்' படம் ஓடியது. 1992-ல் வந்தபோது நானே கைதட்டிப் பார்த்த படம்தான். தொழிற்சாலையையே நிர்வகிக்கும் விஜயசாந்தி, தன்னிடம் வேலை பார்க்கும் ரஜினியை மணந்து, கடைசியில் வீட்டோடு இருக்கும் மனைவியாகிவிடுகிறார். பிளஸ் டூ படிக்கும் என் மகன், "பொண்ணுன்னா இப்படி அடங்கணும்" என்று சிரித்தான். கல்லூரியில் படிக்கும் மகள் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ராத்திரி மெதுவாகக் கேட்டேன். அழுதுவிட்டாள். சிதம்பரத்துக்குப் போகும் பஸ்சில் ஒரு பையன் இரண்டு மாதமாக ஏறி, கல்லூரி வாசல் வரை பின்னாலேயே வருகிறானாம்.

"ஏன் பாப்பா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா காலேஜை நிறுத்திடுவீங்கம்மா."

அவள் பயந்தது சரிதான். விஷயம் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் சொன்ன முதல் வார்த்தை, "படிச்சது போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்!" கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவரை எதிர்த்துப் பேசினேன். "தப்பு செஞ்சவன் அவன். படிப்பை விட வேண்டியது இவளா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

மறுநாள் நானும் அவளோடு பஸ் ஏறினேன். அந்தப் பையனைப் பார்த்ததும் திக்கென்றது. என் மகன் வயசுதான் இருக்கும். கேட்டதற்கு, "எந்தப் பொண்ணும் உடனே ஒத்துக்க மாட்டா ஆன்ட்டி, போகப் போகப் பிடிச்சிடும்" என்றான். ரவுடி மாதிரியே தெரியவில்லை. சினிமாவில் பார்த்ததை அப்படியே ஒப்பிக்கிறான்!

2016-ல் வந்த 'ரெமோ'வில் நிச்சயமான பெண்ணிடம் நர்ஸ் வேஷம் போட்டு நெருங்குகிறான் நாயகன். கடைசியில் அவளும் அவனையே காதலிக்கிறாள். 'வேண்டாம்' என்றால் 'வேணும்' என்று அர்த்தம் என்றுதானே பிள்ளைகள் எடுத்துக் கொள்ளும்? எல்லாப் படமும் அப்படியில்லை. 1993-ல் பாலுமகேந்திரா எடுத்த 'மறுபடியும்' படத்தில், திரும்பி வந்த கணவனை ரேவதி ஏற்க மறுப்பார். அந்த மறுப்பைப் படம் திமிர் என்று சொல்லவில்லை.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. 1998-ல் சென்னையில் ஈவ் டீசிங்கால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு, அதே வருஷம் தமிழகத்தில் தனிச் சட்டம் வந்தது. பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் பின்தொடர்வது 2013 முதல் நாடு முழுவதும் குற்றம். முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை சிறை உண்டு. பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்ணும் இருக்கிறது. இதை அந்தப் பையனிடம் சொன்னேன். கண்டக்டரும் அதட்டினார். அதன்பின் அவன் அந்த பஸ்சில் வருவதில்லை.

அன்று சாயங்காலம் மகனைக் கூப்பிட்டு, அக்காவை விட்டே நடந்ததைச் சொல்ல வைத்தேன். தலையைக் குனிந்தபடி கேட்டான். "எனக்குத் தெரியாதுக்கா" என்றான்.

மகளிடம் "குனிஞ்ச தலை நிமிராம போ" என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். மகனிடம் "பின்னால போகாதே" என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா சகோதரிகளே?

- ஒரு வாசகி, சேத்தியாத்தோப்பு.