ஒளிப்படக் கலைஞரின் கணினி மேசை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் எர்னாண்டஸ் என்றொரு சிற்றூர் உண்டு. ஒரு மாலைப்பொழுதில் அவ்வூர் வழியாக வண்டியில் வந்துகொண்டிருந்தார் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ். கீழ்வானில் நிலவு எழுந்திருந்தது. மேற்கில் சாய்ந்துகொண்டிருந்த கதிரவனின் கடைசி ஒளி, கல்லறைத் தோட்டத்தின் வெண்சிலுவைகள்மேல் படிந்திருந்தது. வண்டியை நிறுத்திய ஆடம்ஸ், தம் பெரிய படக்கருவியை விரைந்து நிறுவினார். ஒளியை அளக்கும் கருவி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவைத் தாம் முன்பே அறிந்திருந்ததைக்கொண்டு மனக்கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். மறுபடம் எடுப்பதற்குள் சிலுவைகள்மேல் இருந்த ஒளி மறைந்துவிட்டது.

அந்த ஒரே படம் உலகப்புகழ் பெற்றது. ஆனால், அதை எடுத்த நாளை ஆடம்ஸ் குறித்துவைக்கவில்லை. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆண்டுகளைக் குறிப்பிட்டார். பின்னர் வானியலாளர்கள் படத்தில் உள்ள நிலவின் இருப்பைக்கொண்டு கணினியில் கணக்கிட்டனர். 1941 அக்டோபர் 31 என்பது முதலில் கிடைத்த விடை. 1991இல் டென்னிஸ் டி சிக்கோ என்பார் மீண்டும் ஆராய்ந்து, 1941 நவம்பர் 1, மாலை 4.49 மணி எனத் திருத்தினார். ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் எழுதிவைக்காத குறையைத் தீர்க்க ஐம்பதாண்டுகள் ஆயின.

படத்திற்குள் ஒரு நாட்குறிப்பு

இன்று கையளவு திறன்பேசிகூட அப்பணியைத் தானே செய்துவிடுகிறது. ஒவ்வொரு படக்கோப்பினுள்ளும், எடுக்கப்பட்ட நாள், நேரம், கருவியின் பெயர், ஒளித்துளையின் அளவு, ஒளிபட்ட கால அளவு முதலிய செய்திகள் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கின்றன. தரவைப் பற்றிய தரவு என்பதால் இதனை மீத்தரவு என்பர். படங்களில் இதனைப் பதிக்கும் முறையை 1995இல் சப்பானியர் வகுத்தனர். எக்சிஃப் என்னும் அம்முறையையே படக்கருவிகள் இன்றும் பின்பற்றுகின்றன. கணினியில் படக்கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தால் எவரும் இச்செய்திகளைப் படிக்கலாம்.

ஆயினும், கருவி தன் கடிகாரம் காட்டுவதையே எழுதும். கடிகாரம் பிழைபட்டால் பதிவும் பிழைபடும். திருமணம் ஒன்றை இருவர் இரு கருவிகளால் எடுப்பதாகக் கொள்வோம். ஒன்றன் கடிகாரம் பத்து நிமிடம் முந்தியிருந்தால், படங்களை நேரப்படி அடுக்கும்பொழுது, தாலி கட்டிய பின்னர் மணமகள் மேடைக்கு வருவாள்! அனுபவமிக்க கலைஞர்கள் நிகழ்ச்சிக்கு முன்பே கடிகாரங்களை ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்வர். மறந்துவிட்டாலும் வழியுண்டு. திறன்பேசியில் நொடி காட்டும் கடிகாரத்தை இரு கருவிகளாலும் ஒவ்வொரு படம் எடுத்துக்கொண்டால் போதும். இரு படங்களின் பதிவுநேர வேறுபாட்டை அறிந்து, ஒரு கருவியின் படங்கள் அனைத்தின் நேரத்தையும் மென்பொருளில் ஒருசேர மாற்றிவிடலாம்.

அட்டையிலிருந்து வன்தட்டிற்கு

கலைஞரின் உழைப்பு முழுவதும் நகத்தினும் சற்றே பெரிய நினைவக அட்டையில் அடங்கிவிடுகிறது. மணவிழாவைத் திரும்ப நடத்த இயலாது. மறைந்துவிட்ட பாட்டியைத் திரும்ப அழைத்து அமரவைக்கவும் இயலாது. ஆகவே, அட்டையைக் கணினியில் செருகும் அந்த நேரமே ஒளிப்படத் தொழிலில் மிகுந்த கவனத்தை வேண்டி நிற்பது.

படங்களை அட்டையிலிருந்து வெட்டி ஒட்டுதல் கூடாது, நகலெடுத்தலே தகும். வெட்டி ஒட்டும்பொழுது இடையில் மின்சாரம் நின்றால் சில கோப்புகள் ஈரிடத்தும் முழுமையாக இல்லாமற்போகும். நகலெடுத்தால், எது நேர்ந்தாலும் மூலம் அட்டையில் இருக்கும்.

அடுத்துப் பெயர் சூட்டல். படக்கருவிகள் நான்கு எழுத்துகளையும் நான்கு எண்களையும் கொண்டே கோப்புகளுக்குப் பெயரிடுகின்றன. 9999ஐ எட்டியதும் எண் மீண்டும் 0001இல் தொடங்கும். தொழில்முறைக் கலைஞர் சில மாதங்களிலேயே இவ்வெல்லையைத் தொட்டுவிடுவார். பழைய படமும் புதிய படமும் ஒரே பெயரோடு ஒரே கோப்புறையில் சேர நேர்ந்தால், பழையதன்மேல் புதியதை எழுதலாமா எனக் கணினி கேட்கும். அவசரத்தில் ஆம் என்று அழுத்திவிட்டால் பழைய படம் போய்விடும். இதனைத் தவிர்க்க, ஆண்டு, திங்கள், நாள் என்னும் வரிசையில் கோப்புறைக்குப் பெயரிடுவது நல்ல வழக்கம். 2024-05-12 என்று எழுதினால், அகரவரிசையில் அடுக்கினாலும் அது காலவரிசையாகவே அமையும். நாளை முன்னும் ஆண்டைப் பின்னும் எழுதினால் இவ்வசதி கிட்டாது.

நகல்கள் எத்தனை வேண்டும்? பீட்டர் குரோ என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர், எண்ணிமப் படங்களைப் பேணுதல் பற்றி எழுதிய நூலால் '3-2-1' என்னும் நெறி பரவலாயிற்று. மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சேமிப்பு ஊடகங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். மூன்றாவது விதியைத்தான் பலர் பொருட்படுத்துவதில்லை. கணினியும் புறவன்தட்டும் ஒரே மேசையில் இருந்தால், கடைக்குள் வெள்ளம் புகும்பொழுது இரண்டும் சேர்ந்தே நனையும். உறவினர் வீட்டு அலமாரியில் ஒரு வன்தட்டு இருந்தாலும் போதும்; முகில் சேமிப்பில் ஏற்றிவைத்தாலும் போதும். ஆனால், 24 மில்லியன் படப்புள்ளிகள் கொண்ட கருவியில், சுருக்கப்பட்ட மூலக்கோப்பு ஒன்று ஏறத்தாழ 30 மெகாபைட் இருக்கும். 2,000 படங்கள் எடுத்தால் 60 ஜிகாபைட். நம்மூர் இணைய வேகத்தில் இவ்வளவையும் ஏற்றி முடிக்க ஓர் இரவு போதாமலும் போகலாம். எனவே, தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் முகிலில் ஏற்றி, முழுத்தொகுதியை வன்தட்டில் வெளியிடத்தில் வைப்போரே மிகுதி.

தவறி அழித்துவிட்டாலும் உடனே மனம் தளர வேண்டியதில்லை. பெரும்பாலும் அழித்தல் என்பது கோப்பின் இருப்பிடக் குறிப்பை நீக்குதலே. படத்தின் தரவு அட்டையில் அப்படியே இருக்கும். அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்க வாய்ப்புண்டு. ஆகவே, அழிந்தது தெரிந்த அந்நொடியே அட்டையைக் கருவியிலிருந்து எடுத்துவிட வேண்டும். மேலும் ஒரு படம்கூட எடுத்தல் ஆகாது. போட்டோரெக் போன்ற கட்டணமற்ற மென்பொருள்கள் அட்டையைத் துழாவிப் படங்களை மீட்டெடுக்கும். மீட்ட படங்களை அதே அட்டையில் சேமிக்காமல் கணினியில் சேமித்தல் இன்றியமையாதது.

மென்பொருள் என்னும் இருட்டறை

படச்சுருள் காலத்தில் செந்நிற விளக்கொளியில் நிகழ்ந்த வேலை இன்று கணினித்திரையில் நிகழ்கிறது. இத்துறையில் பெரும்புகழ் பெற்ற போட்டோஷாப், தாமஸ் நால், ஜான் நால் என்னும் உடன்பிறந்தோரின் ஆக்கம். தாமஸ் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுமாணவராக இருந்தபொழுது எழுதத் தொடங்கிய சிறுநிரல், 1990இல் அடோபி நிறுவனத்தின் வழியே வணிக மென்பொருளாக வெளிவந்தது. அதற்குச் சந்தா செலுத்த இயலாதவர்க்கும் வழியடைக்கப்படவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் இருவர் 1995இல் தொடங்கிய கிம்ப், மூலக்கோப்புகளைப் பதப்படுத்தும் டார்க்டேபிள் ஆகியவை கட்டணமற்ற, நிரல்மூலம் திறந்த மென்பொருள்கள். திருட்டுப்படி மென்பொருளைத் தேடி, நச்சுநிரலையும் சேர்த்து நிறுவிக்கொண்டு, படங்கள் அனைத்தையும் பூட்டிவைத்துப் பணயம் கேட்பவரிடம் சிக்குவதைக் காட்டிலும் இவற்றைக் கற்பது எளிது.

படக்கருவியில் ஜேபெக், ரா என இருவகைக் கோப்புகள் உள்ளன. ஜேபெக் வடிவில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் 256 ஒளிப்படிநிலைகளே உண்டு. ரா என்னும் மூலக்கோப்பு 14 பிட் அளவில் பதிந்தால் 16,384 படிநிலைகள் கிடைக்கும். கோவில் மண்டபத்தின் இருளில் நிற்கும் முகத்தைப் பின்னர் ஒளியூட்டி மீட்கும்பொழுது இவ்வேறுபாடு புலப்படும். ஜேபெக்கில் நிழற்பகுதி திட்டுத்திட்டாகச் சிதையும்; மூலக்கோப்பில் முகத்தின் நுண்மைகள் மீளும். அன்றியும், ஜேபெக் கோப்பைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அது மீண்டும் சுருக்கப்பட்டுத் தரம் சிறிது குறைகிறது. மூலக்கோப்பைப் பதப்படுத்தும் மென்பொருள்களோ மூலத்தைத் தொடுவதேயில்லை. செய்த திருத்தங்களைக் கட்டளைகளாகத் தனியே எழுதிவைக்கின்றன. எனவே, காப்பு நகல் எடுக்கையில் படங்களோடு அக்கட்டளைக் கோப்புகளையும் எடுக்க வேண்டும். இதனை மறந்து, பல நாள் உழைப்பை இழந்தோர் உளர்.

திரையில் பொலிவாகத் தோன்றிய படம் அச்சில் இருண்டு வருவது கலைக்கூடங்களில் அன்றாடம் எழும் குறை. அச்சகத்தார்மேல் பழி சுமத்தும் முன்னர்த் திரையின் ஒளியளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் மிகுந்த திரையின் முன் அமர்ந்து திருத்துபவர் தம்மையறியாமல் படத்தை இருட்டாக்கிவிடுகிறார். இணையத்திற்கு அனுப்பும் படங்களை எஸ்ஆர்ஜிபி என்னும் வண்ணவெளியில் சேமித்தல் வேண்டும். 1996இல் வகுக்கப்பட்ட இதுவே திரைகளின் பொதுமொழி. அதனினும் விரிந்த வண்ணவெளியில் சேமித்த படம், அதனை உணராத செயலிகளில் வெளிறித் தோன்றும்.

உலாவியின் துணை

தொடக்ககால உலாவிகளுள் பல, எழுத்தையும் படத்தையும் வெவ்வேறு சாளரங்களில் காட்டின. 1993இல் வெளியான மொசைக் உலாவி, எழுத்துகளுக்கிடையே படத்தையும் அமைத்துக் காட்டி இணையத்தை எல்லார்க்கும் உரியதாக்கியது. ஒளிப்படக் கலைஞருக்கு இன்று உலாவி பல்வகையில் உதவுகிறது. கருவியின் கையேடு தொலைந்துவிட்டதா? தேடுபொறியில் கருவியின் பெயரை மேற்கோள்குறிக்குள் இட்டு, பிடிஎஃப் கோப்புகளை மட்டும் காட்டுமாறு கேட்டால் கையேடு கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் வேண்டிய சொல்லைக் காண, கன்ட்ரோல் விசையோடு எஃப் விசையை அழுத்தினால் போதும். தவறி மூடிய தாவலைத் திரும்பப் பெறக் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்த வேண்டும்.

கதிரவனும் நிலவும் எந்நாளில் எத்திசையில் எழும் என்பதை நிலப்படத்தின்மேல் கோடிட்டுக் காட்டும் தளங்களும் செயலிகளும் உள்ளன. ஒரு கோபுரத்தின் பின்னே முழுநிலவு எழும் காட்சியை எடுக்க விரும்புபவர், எங்கு நிற்க வேண்டும் என்பதை வீட்டிலிருந்தே முடிவு செய்யலாம். ஆடம்ஸின் படத்திற்கு வானியலாளர் பின்னோக்கிச் செய்த கணக்கு, இங்கு முன்னோக்கிச் செய்யப்படுகிறது.

மென்பொருளைப் பதிவிறக்கும்பொழுது, 'பதிவிறக்கு' என்று பெரிதாக மின்னும் பொத்தான்கள் பலவும் விளம்பரங்களாகவே இருக்கும். உருவாக்கியவரின் தளத்திற்கே நேரடியாகச் செல்லல் நன்று. முகவரிப் பட்டையின் பூட்டுக் குறியை நம்பிவிடலாகாது. இடைவழியில் எவரும் படிக்க இயலாது என்பதைத்தான் அது உணர்த்துகிறது. எதிர்முனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்றன்று.

தம் படத்தைப் பிறர் எடுத்தாண்டுள்ளனரா என அறிய, படத்தையே கொடுத்துத் தேடும் வசதி 2008இல் டின்ஐ தளத்தின் வழியே வந்தது. 2011இல் கூகுளும் அதனை வழங்கியது. உரிமை பற்றியும் தெளிவு வேண்டும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்தவரே அதன் ஆக்கியோர். ஆனால், ஒருவர் கேட்டுக்கொள்ள, ஊதியம் பெற்று எடுத்த படத்தின் முதல் உரிமையாளர், மாற்று உடன்பாடு இல்லாதபொழுது, எடுக்கச் சொன்னவரே. ஆதலால், திருமணப் படங்களைத் தம் தளத்தில் காட்சிக்கு வைக்க விரும்பும் கலைஞர், முன்பணம் பெறும் நாளிலேயே இசைவை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

படம் கைமாறும்பொழுது

திறன்பேசி, படம் எடுத்த இடத்தையும் மீத்தரவில் பதிக்கும். நச்சுநிரல் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபி, 2012இல் காவல்துறையினர் கண்ணில் படாமல் மறைந்து வாழ்ந்தார். அவருடன் இருந்த இதழாளர்கள் எடுத்த படம் ஒன்று இணையத்தில் வெளியாயிற்று. அதனுள் இருந்த இடக்குறிப்பு, அவர் குவாத்தமாலா நாட்டில் இருப்பதை உலகிற்கு அறிவித்துவிட்டது. குழந்தையின் பிறந்தநாள் படத்தைப் பொதுவெளியில் இடும்பொழுது வீட்டின் முகவரியும் உடன் செல்லலாம் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். படத்தை ஏற்றுமதி செய்யும்பொழுது இடக்குறிப்பை நீக்கும் தெரிவு பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. கலைஞரின் பெயரையும் உரிமைக் குறிப்பையும் மட்டும் விட்டுவைத்தல் தகும்.

வாடிக்கையாளருக்குப் படங்களைப் புலனத்தில் படமாக அனுப்பினால், அவை சுருங்கிச் செல்லும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் தரம் குறையாது. ஆனால், மீத்தரவும் உடன் செல்லும். 12க்கு 18 அங்குலத் தொகுப்பேட்டிற்கு, அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் 3,600க்கு 5,400 படப்புள்ளிகள் வேண்டும். சுருங்கிய படத்தை அவ்வளவிற்குப் பெருக்கினால் முகங்கள் மங்கித் தெரியும்.

வாடிக்கையாளர் படங்களைப் பெற்றுக்கொண்ட பின்னரும் அட்டையை உடனே வெறுமையாக்க வேண்டுவதில்லை. இரு நகல்களையும் திறந்து, அட்டையில் உள்ள கோப்புகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, சில படங்களையேனும் முழு அளவில் விரித்துப் பார்த்த பின்னரே அட்டை அடுத்த நிகழ்ச்சிக்கு உரியதாகும். அப்பொழுதும் கணினியில் ஒவ்வொன்றாக அழிக்காமல், அட்டையைப் படக்கருவியிலேயே இட்டு வடிவமைப்பது கலைஞர்களின் வழக்கம்.