என்ஜினின் உள்ளே – 11: இணைப்போரத்தில் கிழியும் தாள்

என்ஜினின் அடித்தொட்டியிலிருந்து பம்பால் உறிஞ்சப்படும் ஆயில், கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குகளைச் சென்றடையும் பாதை சென்ற இதழில் விளக்கப்பட்டது. அந்தப் பாதையில் பம்புக்கும் பேரிங்குகளுக்கும் நடுவில் நிற்கும் ஆயில் ஃபில்டர், காரின் உறுப்புகளுள் விலை மிகக் குறைந்தவற்றில் ஒன்று. ஆனால் அது உள்ளே கிழிந்துபோனால் ஓட்டுநருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. கேஸ்கட் வழியே ஒழுகும் ஃபில்டரைத் தரையில் சொட்டிய எண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும். தாள் கிழிந்த ஃபில்டரோ ஆயிலை முன்னைவிட எளிதாகக் கடக்க விடுவதால், அதற்கு அப்பால் அமைந்த அழுத்த உணரி குறை எதையும் காணாது. டேஷ்போர்டின் ஆயில் விளக்கும் அணைந்தபடியே இருக்கும்.

இன்று பெருவழக்கிலுள்ள, திருகிப் பொருத்தும் வகை ஃபில்டரில், அடித்தட்டின் ஓரத்தில் வட்டமாக அமைந்த சிறு துளைகளின் வழியே நுழையும் ஆயில், தகரக் கூட்டுக்கும் வடிதாளுக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பி, தாளின் ஊடே உள்நோக்கிக் கசிந்து, நடுக்குழாயை அடைந்து, மறையிட்ட நடுத்துளை வழியாக என்ஜினுக்குத் திரும்புகிறது. வடிதாள் என்பது மரநாராலான செல்லுலோஸ் தாளை ஃபீனாலிக் பிசினில் தோய்த்து, விசிறிபோல் மடித்து, சூட்டில் பதப்படுத்தியது. விலை கூடிய ஃபில்டர்களில் மரநாருடன் கண்ணாடி நுண்ணிழைகளும் செயற்கை இழைகளும் சேர்கின்றன. மடித்த நீண்ட பட்டையை வளைத்து, அதன் இரு முனைகளையும் மெல்லிய உலோகப் பட்டையால் கவ்வியோ பசையால் ஒட்டியோ உருளையாக்கி, மேலும் கீழும் மூடித்தட்டுகளில் பசையிட்டு அமர்த்துகிறார்கள். நடுவிலுள்ள துளையிட்ட உலோகக் குழாய், தாள் உள்நோக்கி நொறுங்காதபடி தாங்கி நிற்கிறது.

கார்களுக்கான ஆயில் ஃபில்டர் 1920களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்டின் முயற்சியால் உருவானபோது, அது பிரதான பாதையில் நிற்கவில்லை. ஆயிலின் சிறு பங்கு மட்டுமே கிளைப்பாதையில் திரும்பி அதன் வழியே சென்று தொட்டிக்கு மீண்டது. ஆகவே அந்த ஃபில்டர் அடைபட்டாலும் பேரிங்குகளுக்கு ஆயில் தடையின்றிப் போய்க்கொண்டிருந்தது. பின்னர் ஆயில் முழுவதையும் வடிகட்டும் முறை வந்ததும் தூய்மை கூடியது. அதே வேளையில் பம்பின் முழு ஓட்டமும் ஒரு தாளின்மீது வந்து மோதும் நிலையும் ஏற்பட்டது. அதனால்தான் பைபாஸ் வால்வு இன்றியமையாததாயிற்று. தாளின் இரு பக்க அழுத்த வேறுபாடு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது இவ்வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையேனும் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது.

அழுத்த அளவி 4 பார் என்று காட்டும்போது அந்த 4 பாரும் தாளின்மீது விழுவதாகப் பலர் எண்ணுவது பிழை. தாளின் வெளிப்புறத்திலும் உட்புறத்திலும் ஆயிலே நிறைந்திருப்பதால், தாள் சுமப்பது இரு பக்க அழுத்தங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே. சூடேறி ஓடும் என்ஜினில், தாள் புதிதாக இருக்கும் வரை, இவ்வேறுபாடு ஒரு பாரில் சிறு பங்கைத் தாண்டுவதில்லை. ஆனால் குளிர்ந்த என்ஜினை இயக்கும் கணத்தில் நிலைமை வேறு. 5W-30 வகை ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது ஓட்டத்துக்கு அது காட்டும் தடை, 100 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறத்தாழ 6 மடங்கு மிகுதி. எனவே குளிர்நிலைத் தொடக்கத்தின் சுமை பனி பெய்யும் நாடுகளுக்கு மட்டும் உரியது என்று கருத வேண்டியதில்லை. 30 டிகிரி வெப்பமுள்ள காலையிலும் இரவெல்லாம் நின்ற கார் தன் ஃபில்டருக்குக் கெட்டியான ஆயிலையே தள்ளுகிறது. பைபாஸ் வால்வு திறக்கும் அளவு ஃபில்டருக்கு ஃபில்டர் மாறுபட்டு, பெரும்பாலும் 0.5 முதல் 1.5 பார் வரை அமைகிறது. வால்வுக்கும் தனக்கென ஒரு தடை உண்டு என்பதால், இயக்கிய உடனே ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஓட்டத்தைக் கூட்டினால், வேறுபாடு அந்த அளவையும் மீறக்கூடும்.

ஒரு பார் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையின் விசை. ஒரு மடிப்பின் ஒரு முகம் 2 சென்டிமீட்டர் அகலமும் 8 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதென்று வைத்துக்கொண்டால், அதன்மீது 16 கிலோ எடைக்கு ஈடான விசை விழுகிறது. மடிப்புகள் சீரான இடைவெளியில் நெருங்கி நிற்கும்போது அடுத்தடுத்த முகங்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால் இவ்விசை தீங்கு செய்வதில்லை. தாங்குவாரின்றி ஏதேனும் ஒரு மடிப்பு தனித்து நிற்கும் இடத்தில்தான் கிழிசல் தொடங்குகிறது, அந்த இடமும் பெரும்பாலும் இரு முனைகள் கூடும் இணைப்பின் ஓரமே.

மடித்த பட்டையை உருளையாக வளைக்கும்போது தொழிற்சாலையில் மடிப்புகள் சற்று அவசரமாக விரிக்கப்பட்டாலும், இணைப்பின் இரு பக்கத்திலும் மற்ற இடங்களைவிட அகன்ற வெளி விழுந்துவிடுகிறது. அழுத்தம் ஏறும்போது ஆயில் அந்த அகன்ற வெளிக்குள் புகுந்து அதை மேலும் விரிக்க, அண்டை மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்குண்டு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய முகங்களின் வழியே ஆயில் கசிய முடியாததால் வடிகட்டும் பரப்பு குறைகிறது. பரப்பு குறைய, எஞ்சிய தாளின்மீது விழும் அழுத்த வேறுபாடு கூடுகிறது. இணைப்பைக் கவ்வியுள்ள உலோகப் பட்டை விறைப்பானது, அசையாது. அதை ஒட்டிய தாளோ ஒவ்வொரு முறை என்ஜின் இயங்கும்போதும், வேகம் கூடிக் குறையும்போதும், உள்ளே வளைந்து மீள்கிறது. அசையாத பொருளும் அசையும் பொருளும் சேரும் அந்தக் கோட்டில்தான் நார்கள் ஒவ்வொன்றாக அறுந்து, முதலில் மெல்லிய கீறலும், நாளடைவில் மடிப்பின் நெடுக்கே நீளும் பிளவும் உண்டாகின்றன. மூடித்தட்டின் பசை சரிவர இறுகாத ஃபில்டர்களில் தாளின் விளிம்பு பசையிலிருந்தே கழன்று வருவதும் உண்டு. சில தயாரிப்பாளர்கள் மடிப்புகளில் சிறு புடைப்புகளை அழுத்தியோ, தாளின் பின்புறம் கம்பிவலை சேர்த்தோ, இடைவெளியைக் காக்கிறார்கள். அட்டைப்பெட்டியில் அச்சிடப்படும் எந்தப் பெருமையைவிடவும் இது முக்கியமான வேலைப்பாடு.

புதிய தாள் இந்த அசைவைத் தாங்குகிறது. முதிர்ந்த தாளுக்கு அந்தத் திறன் இல்லை. 100 டிகிரிக்கு மேற்பட்ட ஆயிலில் மாதக்கணக்கில் ஊறும் தாளின் நாரும் பிசினும் நெகிழ்வை இழந்து, வளைத்தால் முறியும் நிலைக்கு வருகின்றன. எரிபொருள் எரிவதால் உண்டாகும் நீராவி, குறுந்தொலைவு ஓட்டங்களில் என்ஜின் முழுச்சூடு அடையாததால் வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கி, மரநாரை ஊறவைத்துத் தளர்த்துகிறது. ஆகவே நகருக்குள் தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார், நெடுஞ்சாலையில் ஓடும் காரைவிடக் குறைந்த தூரத்திலேயே தன் ஃபில்டரை நலியச் செய்துவிடும். பல கார்களின் கையேடுகளில் கிலோமீட்டர் கணக்கோடு மாதக் கணக்கும் சேர்ந்தே இருப்பதற்கும், கடும் பயன்பாட்டுக்கெனக் குறைந்த இடைவெளி தனியே சொல்லப்படுவதற்கும் இதுவும் ஒரு காரணம். கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டால் களிபோன்ற கசடு உண்டாகி, புதிய ஃபில்டரையும் விரைவில் அடைத்து, தாளைத் தன் தாங்குதிறனின் எல்லைக்குத் தள்ளிவிடுகிறது.

பாய்மம் எதுவும் தடை குறைந்த வழியையே நாடும் என்பதால், ஒரு சிறு பிளவு தன் பரப்புக்குச் சற்றும் பொருந்தாத அளவு ஆயிலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. 20 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99 விழுக்காட்டைப் பிடிக்கும் ஃபில்டரில், ஆயிலின் 5 விழுக்காடு மட்டும் பிளவு வழியே போனால்கூட, பிடிக்கும் திறன் 94 விழுக்காடாகச் சரிகிறது. அதாவது தப்பிச் செல்லும் துகள்கள் ஏறத்தாழ 6 மடங்காகின்றன. மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். சுமையேறிய பேரிங்கில் உலோகத்தைப் பிரித்து நிற்கும் ஆயில் படலமோ சில மைக்ரான்களே. அப்படலத்தைவிடப் பெரிய கடினத் துகள், பேரிங்கின் மென்மையான உலோகத்தில் பதிந்துகொண்டு, சுழலும் ஷாஃப்டைக் கீறிக்கொண்டே இருக்கும். ஆதலால் 99 விழுக்காடு என்று பறைசாற்றிக் கிழியும் ஃபில்டரைவிட, சற்றுக் குறைவாகப் பிடித்தாலும் முழுதாய் நிற்கும் ஃபில்டரே என்ஜினுக்கு நல்லது. ஐஎஸ்ஓ 4548 என்னும் சர்வதேசத் தரநெறியில் பிடிக்கும் திறனை அளக்கும் 12ஆம் பகுதியோடு, உயர் அழுத்த வேறுபாட்டைத் தாங்கும் திறனுக்கு 3ஆம் பகுதியும், குளிர்நிலைத் தொடக்கத்துக்கும் அழுத்தத் துடிப்புக்கும் 5ஆம் பகுதியும் வகுக்கப்பட்டுள்ளன. விளம்பரங்களில் இடம்பெறுவது பெரும்பாலும் 12ஆம் பகுதியின் எண் மட்டுமே என்பது வருந்தத்தக்கது.

தாளைச் சாராத பழுதுகளும் உண்டு. பழைய கேஸ்கட் என்ஜினில் ஒட்டியிருப்பதைக் கவனியாமல் புதிய ஃபில்டரை மாட்டினால், இரட்டைக் கேஸ்கட் பிதுங்கி ஆயில் முழுவதும் சில நிமிடங்களில் வெளியேறிவிடும். பம்பின் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு சிக்கிக்கொண்டால் தகரக் கூடே உப்பி வெடிக்கக்கூடும். முக்கால் அங்குல மறைக்குரிய இடத்தில் 20 மில்லிமீட்டர் மறையுள்ள ஃபில்டர் ஏறுவதுபோல் ஏறி, பிடிப்பில்லாமல் நின்று, ஓட்டத்தில் கழன்றுவிடும். இவையெல்லாம் வெளியே தெரியும் பழுதுகள்.

உள்ளே நேர்ந்த கிழிசலை அறிய ஒரே வழி, கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பார்ப்பதுதான். ரம்பத்தால் அறுத்தால் உலோகப் பொடி உள்ளே விழுந்து, என்ஜினிலிருந்து வந்த துகளோ என்று மயக்கும். ஆகையால் தகரத்தைச் சுற்றி அறுக்கும் கட்டர் வேண்டும். ஆயில் வடிந்தபின், இணைப்புக்கு எதிர்ப்புறத்து மடிப்பைக் கத்தியால் கீறித் தாளை மெதுவாக விரித்து, இணைப்பின் இரு ஓரங்களையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது, பழைய ஃபில்டரைக் குப்பையில் எறியும் முன் இவ்வாறு திறந்து காட்டுமாறு வாசகர்கள் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். பிளவு தென்பட்டால் அந்த ரகத்தை மீண்டும் வாங்காமல் விடுவதோடு, ஆயில் மாற்றும் இடைவெளியையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

(தொடரும்)