படம் எடுக்கும் கருவியும் படிக்கும் கண்ணும்

நோயறியும் கருவியை அரசு வாங்கும்பொழுது அதன் விலையும், உழைக்கும் காலமும், படத்தின் தெளிவும் ஆராயப்படுகின்றன. ஆனால் எக்ஸ்ரே படம் தானாக நோயைக் கூறுவதில்லை. மருத்துவர் ஒருவர் அதனைப் படித்தே முடிவு கூறுகிறார். எனவே மதிப்பிடப்பட வேண்டியது கருவி மட்டுமன்று. கருவியும் கண்ணும் இணைந்த அமைப்பே ஆகும்.

1947-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதனை நன்கு உணர்த்தியது. காசநோயைக் கண்டறிய நான்கு வகை மார்புப் படங்களுள் சிறந்தது எது என அறிவதே அதன் நோக்கம். 1,256 பேரின் படங்களை ஐந்து மருத்துவர்கள் தனித்தனியே படித்தனர். படவகைகளுக்கிடையே இருந்ததைவிடப் படித்தவர்களுக்கிடையே இருந்த வேறுபாடே மிகுதியாகக் காணப்பட்டது. அதே மருத்துவர் அதே படத்தை மீண்டும் படித்தபொழுதும் முடிவு சிலவேளை மாறிற்று.

இத்தகைய மதிப்பீட்டிற்கு இரண்டு அளவுகள் தேவை. நோயுற்றோருள் எத்தனை பேர் கண்டறியப்பட்டனர் என்பது ஒன்று. நோயற்றோருள் எத்தனை பேர் சரியாக விலக்கப்பட்டனர் என்பது மற்றொன்று. எடுத்துக்காட்டாக, 1,000 பேரில் 10 பேருக்கு நோய் உண்டு என்றும், இரு அளவுகளும் 90 சதவீதம் என்றும் கொள்வோம். 9 நோயாளிகள் கண்டறியப்படுவர். ஆனால் நோயற்ற 99 பேரும் ஐயத்திற்கு உள்ளாவர். ஐயமான படங்களையெல்லாம் நோய் எனக் கொள்பவரின் முதல் அளவு உயரும், இரண்டாவது தாழும். ஆதலின் ஒன்றை மட்டும் கூறும் அறிக்கை முழுமையானதன்று.

டார்ஃப்மன், பெர்பாம், மெட்ஸ் ஆகியோர் 1992-இல் வெளியிட்ட முறை, கருவி, படிப்பவர், நோயாளி ஆகியவற்றால் விளையும் வேறுபாடுகளைத் தனித்தனியே பிரித்தறிய வழிசெய்தது. இதற்கெனப் பலர் ஒரே நோயாளிகளின் படங்களை இரு கருவிகளிலும் படிக்கின்றனர். ஒருவர் ஆயிரம் படங்களைப் படித்தாலும், அம்முடிவு பிற மருத்துவர்களுக்கும் பொருந்தும் என உறுதி கூற இயலாது.

இந்தியாவில் 2024 டிசம்பரில் தொடங்கிய 100 நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில் கையடக்க எக்ஸ்ரே கருவிகள் ஊர்தோறும் கொண்டு செல்லப்பட்டன. இத்தகைய கருவிகளுக்கான ஒப்பந்தப்புள்ளிகளை ஆராயும் அலுவலர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: எத்தனை பேர் படித்தனர்? அவர்கள் நம் மருத்துவமனைகளில் பணியாற்றுவோரை ஒத்தவர்களா? நோய் உண்டா இல்லையா என்பது சளிப் பரிசோதனை போன்ற வேறொரு சோதனையால் உறுதி செய்யப்பட்டதா? இவற்றைக் கேளாமல் வாங்கும் கருவி நோயாளியைத் தவறவிடுமாயின், அவருடைய சிகிச்சை தாமதமாகும்; நோய் அவருடைய குடும்பத்தினருக்கும் பரவும்.