வானிலிருந்து குதித்தவன் பிழைத்தானா?

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள பாலையூற்றில் வாழ்வோர்க்குக் கார்த்திகை மாதத்து மழையிரவு எத்தகையது என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வடகீழ்ப் பருவக்காற்று கடலினின்றும் மழையை அள்ளிவந்து சொரியும். வானும் நிலமும் வேறுபாடின்றி இருண்டு கிடக்கும். அத்தகைய ஓரிரவில், அவ்வூருக்கு மேலே 10,000 அடி உயரத்தில் ஒரு விமானம் பறப்பதாகக் கொள்வோம். இலங்கையின் மிகவுயர்ந்த பீதுருதாலகால மலையின் முடிகூட அதற்கு 1,700 அடி கீழேதான் நிற்கும். அந்த விமானத்தின் பின்புறப் படிக்கட்டில் ஒருவன் இறங்கி, இடுப்பிற் பணமூட்டையைக் கட்டிக்கொண்டு, பரசூட் ஒன்றையே துணையாகக் கொண்டு இருளிற் குதிக்கின்றான். அவன் உயிருடன் தரையைச் சேர்வானா?

இவ்வாறான நிகழ்ச்சி ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்குப் பகுதியில் 1971ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆந் திகதி உண்மையாகவே நடந்தது. குதித்தவன் யார் என்பதும் தெரியவில்லை. அவன் பிழைத்தானா மாண்டானா என்பதும் முடிவாகவில்லை. அரை நூற்றாண்டு கடந்தும் அதுபற்றிய வாதம் ஓயவில்லை. அவ்வாதத்தை ஆராய்வது ஒரு குற்றவாளியின் கதையைச் சுவைப்பதற்காக மட்டுமன்று. சான்று எது, விருப்பம் எது என்று பிரித்தறியும் பயிற்சிக்கு இதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது.

அன்று பிற்பகல் போட்லண்ட் நகரின் விமான நிலையத்தில், நடுத்தர வயதினன் ஒருவன் டான் கூப்பர் என்ற பெயரில் சியாற்றில் நகருக்குப் பயணச்சீட்டு வாங்கினான். செய்தியாளர் ஒருவரின் பிழையால் அப்பெயர் டி.பி. கூப்பர் என மாறி, அவ்வாறே நிலைத்துவிட்டது. கரிய உடையும் கழுத்துப்பட்டியும் அணிந்த அம்மனிதன், நோத்வெஸ்ட் ஓரியன்ட் நிறுவனத்தின் போயிங் 727 விமானத்திற் பின்வரிசையில் அமர்ந்தான். விமானம் எழுந்ததும் பணிப்பெண்ணிடம் ஒரு துண்டுக் கடிதத்தைக் கொடுத்தான். தன் கைப்பெட்டியில் வெடிகுண்டு இருப்பதாக அதில் எழுதியிருந்தான். பெட்டியைச் சிறிது திறந்து சிவந்த உருளைகளையும் கம்பிகளையும் காட்டவுஞ் செய்தான். அவன் கேட்டவை 2,00,000 டொலர் பணமும் நான்கு பரசூட்டுகளும் ஆகும்.

விமானம் சியாற்றிலில் இறங்கியது. பணமும் பரசூட்டுகளும் வந்து சேர்ந்தபின் 36 பிரயாணிகளும் விடுவிக்கப்பட்டனர். டீனா மக்லோ என்னும் 22 வயதுப் பணிப்பெண்ணும் விமானிகளும் மட்டும் உள்ளே இருந்தனர். மெக்சிக்கோ நகரை நோக்கிச் செல்லுமாறு அவன் கட்டளையிட்டான். 10,000 அடிக்கு மேலே போகலாகாது. சக்கரங்கள் இறக்கியபடியே இருத்தல் வேண்டும். இறக்கைத் தட்டுகள் 15 பாகை தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பன அவன் விதித்த நிபந்தனைகள். மீண்டும் எழுந்த சிறிது நேரத்தில் பணிப்பெண்ணை விமானிகளின் அறைக்கு அனுப்பிவிட்டான். இரவு 8 மணியளவிற் பின்புறப் படிக்கட்டு திறக்கப்பட்டதை விளக்கு ஒன்று காட்டியது. 8 மணி 13 நிமிடமளவில் விமானத்தின் வால் திடீரென அசைந்தது. ரீனோ நகரில் விமானம் இறங்கியபோது உள்ளே அவன் இல்லை. கழுத்துப்பட்டியும் சிகரெட்டுத் துண்டுகளும் இரண்டு பரசூட்டுகளுமே எஞ்சியிருந்தன.

அவன் மாண்டிருப்பான் என்போர் கூறும் காரணங்கள் வலிமையுடையன. அவ்வுயரத்திற் குளிர் உறைநிலைக்கும் கீழே இருந்தது. மழைக்காப்பு உடையோ, தலைக்கவசமோ, காட்டில் நடப்பதற்கேற்ற காலணியோ அவனிடம் இருந்ததாகத் தெரியவில்லை. கீழே தெரிந்தது மேகமும் இருளும் மாத்திரமே. எங்கே விழப்போகின்றான் என்பதை அவன் அறிந்திருக்க வழியில்லை. கிடைத்த பரசூட்டுகளுள் செலுத்துதற்கு எளிதானதை விட்டுப் பழைய இராணுவ வகையை அவன் தெரிந்தெடுத்தான். மார்பில் அணியும் துணைப் பரசூட்டுகளுள் ஒன்று பயிற்சிக்காகத் தைத்து மூடப்பட்டது, விரிக்க இயலாதது. அது விமானத்தில் எஞ்சியிருக்கவில்லை. இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, நெடுங்காலம் அவ்வழக்கைத் துருவிய எவ்.பி.ஐ. அதிகாரி ரால்ப் ஹிம்மல்ஸ்பாக், அவன் உயிர்தப்பியிருக்க மாட்டான் என்றே கருதினார்.

ஆயின் அவனுடைய உடல் ஏன் அகப்படவில்லை என்று மறுதரப்பினர் வினவுவர். இவ்வினாவை மீண்டும் பாலையூற்றிலிருந்து நோக்கினால் விடை தெளிவாகும். அந்த விமானம் நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று மைல் வேகத்திற் சென்றது. குதித்த நேரத்தைக் கணிப்பதில் ஒரு நிமிடம் பிசகினால், பாலையூற்றில் விழுந்திருப்பான் என்று தேடப்படுபவன் துறைமுகத்து நீரிலே கிடப்பான். பரசூட்டை உடனே விரித்தானா, தாமதித்து விரித்தானா, அல்லது விரிக்கவே இல்லையா என்பதும் தெரியாதவிடத்து, காற்று அவனை எவ்வளவு தூரம் இழுத்துச் சென்றது என்பதை யார் சொல்ல வல்லார்? வாஷிங்டன் மாநிலத்து லூயிஸ் ஆற்றையடுத்த அடர்காடுகளை முதலிற் பொலிசாரும், 1972ஆம் ஆண்டு வசந்தகாலத்திற் படைவீரரும் அலசினர், பயனில்லை. உடல் அகப்படாமை, தேடிய இடத்தில் உடல் இல்லை என்பதையே காட்டும். அது மரணத்துக்கும் சான்றாகாது, பிழைப்புக்கும் சான்றாகாது.

அவன் பிழைத்திருக்கலாம் என்போர்க்கு இதனினும் சிறந்த வாதம் ஒன்றுண்டு. ஒரு செயல் இயலுமா இயலாதா என்று ஐயுறும்போது, அதனைச் செய்த பிறர்க்கு நேர்ந்ததைப் பார்ப்பதே முறை. கூப்பரைப் பின்பற்றி 1972ஆம் ஆண்டில் மட்டும் குறைந்தது ஐவர், பணம் பறித்துக்கொண்டு விமானத்திலிருந்து குதித்தனர். அவர்களுள் றிச்சாட் லபொயின்ற் என்பவன் ஜனவரியிற் கொலராடோ மாநிலத்திற் குதித்துச் சில மணி நேரத்தில் அகப்பட்டான். றிச்சாட் மக்கோய் ஏப்ரல் 7ஆந் திகதி 5,00,000 டொலருடன் யூட்டா மாநிலத்திற் குதித்து, இரண்டு நாட்களுக்குள் தன் வீட்டிலேயே கைதானான். மாட்டின் மக்னலி என்பவன் ஜூன் மாதத்தில் இந்தியானா மாநிலத்துக்கு மேலே குதித்தபோது, பணப்பை அவனைவிட்டுப் பறந்து போயிற்று. அவனோ சிறு காயங்களுடன் தரையைச் சேர்ந்தான். ஐவரும் குதித்துப் பிழைத்தனர், ஐவரும் பிடிபட்டனர். எனவே போயிங் 727இன் படிக்கட்டிலிருந்து குதிப்பது திண்ணமாக மரணத்தையே தரும் என்று கூறுதல் பொருந்தாது.

இவ்வாதத்தையும் அளவறிந்தே கொள்ளுதல் வேண்டும். ஒருவனுடைய பரசூட்டும் தரையும் காலநிலையும் மற்றொருவனுக்கு வாய்ப்பதில்லை. கொலராடோவின் சமவெளி வேறு, மலைக்காடு வேறு. 2000ஆம் ஆண்டு மே மாதத்திற் பிலிப்பைன் நாட்டில், தானே தைத்த பரசூட்டுடன் விமானத்திலிருந்து குதித்த கடத்தற்காரன் ஒருவன் மாண்டு கிடந்தான். ஆகவே, குதித்தவன் பிழைத்திருக்கக் கூடும் என்பது வரையில் மட்டுமே இவ்வொப்பீடு செல்லும். பிழைத்தான் என்று அது நிறுவாது.

இனிப் பணத்தின் கதையைக் கேட்கலாம். கூப்பருக்குக் கொடுக்கப்பட்டவை 20 டொலர்த் தாள்கள் பதினாயிரம். அவற்றின் எண்களெல்லாம் முன்னரே படம்பிடித்து வைக்கப்பட்டிருந்தன. அவ்வெண்களின் பட்டியல் வங்கிகளுக்கு அனுப்பப்பட்டது. பின்னர்ப் பொதுமக்களுக்கும் வெளியிடப்பட்டது. பத்திரிகைகள் பரிசும் அறிவித்தன. ஆயினும் ஒரு தாளேனும் புழக்கத்திற் காணப்படவில்லை. 1980ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கொலம்பியா ஆற்றின் கரையில், தீனா மணற்கரை என்னுமிடத்தில், விளையாடிய எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் மணலைக் கிளறியபோது, இரப்பர் வளையங்கள் சிதையாத நோட்டுக் கட்டுகள் சில வெளிப்பட்டன. அவற்றின் தொகை 5,800 டொலர். எண்களை ஒப்புநோக்கியபோது அவை கூப்பருக்குக் கொடுத்தவையே எனத் தெளிந்தது.

இக்கண்டுபிடிப்பு வாதத்தைத் தீர்க்கும் என்று பலர் எண்ணினர். அதற்கு மாறாக அது வாதத்தைப் பெருக்கியது. ஆற்றில் விழுந்து இறந்தவனின் பணமே இது என்றனர் ஒருசாரார். தேடுவோரை ஏமாற்ற அவனே புதைத்து வைத்தான் என்றனர் மற்றொருசாரார். நோட்டுகளில் ஒட்டியிருந்த நுண்ணிய நீர்ப்பாசி வகைகளை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டு வெளியான கட்டுரை ஒன்று, அப்பணம் நவம்பர் மாதத்தில் அன்றி, அப்பாசிகள் பெருகும் வசந்தகாலத்து இறுதியிலேயே நீரில் நனைந்திருத்தல் வேண்டும் என்று கூறிற்று. அப்படியாயின் குதித்த இரவுக்கும் நனைந்த நாளுக்கும் இடையிற் சில மாதங்களேனும் பணம் வேறெங்கோ இருந்தது என்றாகும். அவ்விடம் காட்டின் மரக்கிளையாகவும் இருக்கலாம். மனிதன் ஒருவனின் மறைவிடமாகவும் இருக்கலாம்.

இவ்வளவையும் தொகுத்து நோக்கினால் ஒன்று விளங்கும். பிழைத்தானா என்ற ஒரு வினாவினுள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. வானிலிருந்து இறங்கும்போது உயிர் தப்பினானா என்பது முதலாவது. குளிரிலும் காட்டிலும் இருந்து வெளியேறினானா என்பது இரண்டாவது. பறித்த பணத்தை அநுபவித்தானா என்பது மூன்றாவது. முதலாவதற்கு, இயலும் என்பதே விடை. இரண்டாவதற்கு உறுதியான சான்று எப்பக்கத்திலும் இல்லை. மூன்றாவதற்கோ, சான்றுகள் யாவும் இல்லை என்பதையே சுட்டுகின்றன. 5,800 டொலர் மணலிற் கிடந்து மட்கியது. எஞ்சிய 1,94,200 டொலர் எவர் கையிலும் வழங்கக் காணப்படவில்லை. 45 ஆண்டுகள் தேடியபின், 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எவ்.பி.ஐ. இவ்வழக்கிற் செயலூக்கமான விசாரணையை நிறுத்திக்கொண்டது.

அவ்வாறாயின், அவன் உயிருடன் வென்றான் என்று நம்புவதற்கு இத்தனைபேர் விரும்புவானேன்? லூயிஸ் ஆற்றங்கரையிலுள்ள ஏரியல் என்னுஞ் சிற்றூரில் ஆண்டுதோறும் அவன் பெயரால் விழா எடுத்தனர். பாட்டும் திரைப்படமும் அவனைப் புகழ்ந்தன. எவரையுங் கொல்லாது, பெருநிறுவனம் ஒன்றை ஏமாற்றிச் சென்ற தனிமனிதன் என்று சாமானியர் அவனை எண்ணினர். இவ்வியல்பு அமெரிக்கருக்கு மட்டும் உரியதன்று. 1982ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதி, சேபால ஏக்கநாயக்க என்னும் இலங்கையர் அலிட்டாலியா நிறுவனத்தின் போயிங் 747 விமானத்தைப் பாங்கொக்கிற் கடத்தி வைத்தார். 3,00,000 டொலர் பணத்தையும், இத்தாலியிலிருந்த தம் மனைவியையும் மகனையும் கேட்டுப் பெற்றுக்கொண்டு கொழும்புக்கு வந்தார். இங்கே அவரை வீரர் என வரவேற்றோரும் இருந்தனர். விமானக் கடத்தலைத் தண்டிக்கத் தனிச்சட்டம் அக்காலத்தில் இந்நாட்டில் இல்லை. அதனால் அதே ஆண்டு ஜூலையில் பாராளுமன்றம் முன்தேதியிட்டுச் சட்டம் இயற்றியது. அவருக்கு வாழ்நாட் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

அவரும் மறைந்திருந்தால், இந்நாட்டின் ஊர்தோறும் அவரைப்பற்றிய கதைகள் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. அவர் மறையவில்லை; நீதிமன்றத்தில் நின்றார்; கதை அடங்கிற்று. கூப்பரின் புகழுக்குக் காரணம் அவன் செய்த செயலன்று. அவன் விட்டுச்சென்ற வெற்றிடமே. அவ்வெற்றிடத்தை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பத்தால் நிரப்பிக்கொண்டனர்.

நிரப்புவோர் மறப்பது ஒன்றுண்டு. அன்றிரவு உயிருக்கு அஞ்சவேண்டியிருந்தவர்கள் குதித்தவன் ஒருவன் மட்டுமல்லர். 36 பிரயாணிகளும் ஆறு பணியாளரும் வெடிகுண்டு என்று சொல்லப்பட்ட பெட்டியோடு வானில் வட்டமிட்டனர். டீனா மக்லோ மணிக்கணக்கில் அவன் அருகே அமர்ந்து, அவனைச் சினங்கொள்ளாது பேசவைத்தார். கட்டளை வரும்வரை பதற்றமின்றி விமானத்தை நடத்தியவர் விமானி வில்லியம் ஸ்கொட். அவர்கள் அனைவரும் பிழைத்தனர். இதில் வாதத்துக்கு இடமில்லை.

அவர்கள் பட்ட இடுக்கண் வீண்போகவும் இல்லை. பறக்கும்போது பின்புறப் படிக்கட்டைத் திறக்கவிடாத சிறு தகடு ஒன்று 727 விமானங்களிற் பொருத்தப்பட்டது. 1973ஆம் ஆண்டு ஜனவரி முதல் அமெரிக்க விமானப் பிரயாணிகளும் அவர்களின் பைகளும் சோதிக்கப்படலாயினர். இன்று கட்டுநாயக்காவில் விமானம் ஏறச் செல்பவர் தம் பையைச் சோதனைக்கு வைக்கும்போது அது வீண் தொல்லை என எண்ணக்கூடும். குதித்தவன் பிழைத்தானா என்பது ஒருகால் என்றைக்கும் தெரியாமற் போகலாம். அவனைப்போன்ற இன்னொருவன் பெட்டியுடன் ஏறி அமராதிருப்பதற்காகவே அந்தச் சோதனை நடைபெறுகின்றது.